வீட்டு வீடியோவை டிவிடி பிளேயரில் ஓடும் டிஸ்க்காக எழுதுவது எப்படி

கணினியில் நன்றாக ஓடுகிற எம்பி4 கோப்பை அப்படியே டிஸ்க்கில் எழுதி, டிவியோடு இணைந்த பிளேயரில் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. பிளேயர் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு "டிஸ்க் பிழை" என்று காட்டி நின்றுவிடும். டிஸ்க்கும் நல்லதுதான், பிளேயரும் நல்லதுதான். தனக்குத் தெரிந்த ஒரே ஓர் அமைப்பில் இருப்பதை மட்டுமே டிவிடி பிளேயர் படிக்கும். டிஸ்க்கைத் திறந்ததும் முதல் நிலையிலேயே 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். பெயர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில். அதற்குள் ஐஎஃப்ஓ, பியுபி, விஓபி என மூன்று வகைக் கோப்புகள். படமும் ஒலியும் விஓபியில் இருக்கும். ஒவ்வொன்றும் 1 ஜிபியைத் தாண்டாது. எது எங்கே தொடங்குகிறது, மெனுவில் எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்ற விவரமெல்லாம் ஐஎஃப்ஓவில். அதன் நகல்தான் பியுபி. படம் எம்பெக்-2 என்ற சுருக்க வடிவில் இருந்தாக வேண்டும். செல்போனில் பதிவாகும் எச்.264, எச்.265 இரண்டும் சாதாரண டிவிடி பிளேயருக்குப் புரியாதவை.

விண்டோஸில் ஒரு பொறி இருக்கிறது. வெற்று டிஸ்க்கைப் போட்டதும், இதை யூஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி/டிவிடி பிளேயரோடு பயன்படுத்தவா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பிளேயரில் ஓடும் டிவிடி கிடைத்துவிடும் என்று நம்பிப் பல டிஸ்க்குகள் வீணாகின்றன. அந்தத் தேர்வு, டிஸ்க்கை மற்றக் கருவிகளும் திறந்து பார்க்கும்படி எழுதுகிறது, அவ்வளவுதான். உள்ளே போட்ட எம்பி4 எம்பி4 ஆகவேதான் இருக்கும்.

ஆக வேலை மூன்று: வீடியோவைச் சரியான வடிவுக்கு மாற்றுவது, மெனுவோடு டிவிடி அமைப்பாகக் கட்டுவது, டிஸ்க்கில் எழுதுவது. மூன்றையும் ஒரே பொத்தானில் முடிக்கும் மென்பொருள்கள் உண்டு. ஆனாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்து, முடிந்ததும் சோதித்துவிட்டு அடுத்ததற்குப் போவதே நல்லது. கோளாறு எந்தக் கட்டத்தில் வந்தது என்று அப்போதுதான் தெரியும். இல்லாவிட்டால் ஒலி பிந்துவதற்கு டிஸ்க்கையும், டிஸ்க் சரியில்லாததற்கு மென்பொருளையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்தக் குறிப்பில் டிவிடிஸ்டைலர், இம்க்பர்ன், ஹேண்ட்பிரேக், விஎல்சி என்ற நான்கு இலவச மென்பொருள்கள் வருகின்றன. டிஸ்க்கில் எழுதும் இம்க்பர்ன் விண்டோஸுக்கு மட்டும். லினக்ஸில் கே3பி அதே வேலையைச் செய்யும். கணினியில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். மாற்றும்போது உருவாகும் தற்காலிகக் கோப்புகளும், முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக்கிய கடைசி ஐஎஸ்ஓ கோப்பும் சேர்ந்து நிறைய இடம் பிடிக்கும்.

எந்த டிஸ்க்

டிவிடி-ஆர், டிவிடி+ஆர் இரண்டும் ஒருமுறை எழுதும் டிஸ்க்குகள். டிவிடி+ஆர் 2002-இல் வந்தது. அதற்கு முந்தைய பிளேயர்களுக்கு அந்த டிஸ்க்கின் அடையாளக் குறி தெரியாததால் சில நேரம் தள்ளிவிடும். பழைய பிளேயர் வைத்திருப்பவருக்குக் கொடுப்பதென்றால் டிவிடி-ஆர் எடுங்கள். டிவிடி+ஆர்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு: 'புக் டைப்' என்ற அந்த அடையாளக் குறியை டிவிடி-ரோம் என்று மாற்றி எழுதலாம். அப்போது கடையில் விற்கும் படத் தட்டு என்றே பிளேயர் நினைத்துக்கொள்ளும். இம்க்பர்னில் இதற்கான அமைப்பு இருக்கிறது. ரைட்டரும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். டிவிடி-ஆரில் இந்தக் குறியை மாற்ற முடியாது.

அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் ஒன்று சோதனைக்கென்று கையில் இருக்கட்டும். பிறருக்குக் கொடுக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். அதன் பரப்பு லேசர் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். பழைய பிளேயர்கள் திணறும். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கையும் கூடியவரை தவிர்க்கலாம். முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதற்குத் தாவும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கும். சில பிளேயர்கள் அங்கேயே நின்றுவிடும். மூன்று மணி நேர நிகழ்ச்சி என்றால் இரண்டு சாதாரண டிஸ்க்குகளாகப் பிரிப்பது பாதுகாப்பு.

பாலா, என்டிஎஸ்சியா

பால், என்டிஎஸ்சி என்பவை நாட்டுக்கு நாடு வேறுபடும் இரண்டு டிவி முறைகள். பால் என்றால் 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 படம். என்டிஎஸ்சி என்றால் 720×480, நொடிக்கு 29.97 படம். பார்ப்பவர் ஊரில் எது வழக்கம் என்பது முதல் கேள்வி. ஆனால் மூல வீடியோ எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்பதும் அதே அளவு முக்கியம். செல்போன்கள் பொதுவாக நொடிக்கு 30 அல்லது 60 படம் எடுக்கும். அதை 25-க்கு மாற்றினால் நடுநடுவே படங்கள் விடுபடும். ஒருவர் குறுக்கே நடந்தாலோ கேமரா மெல்லத் திரும்பினாலோ அசைவு வெட்டி வெட்டித் தெரியும். பால் நாடுகளில் விற்ற பிளேயர்களில் மிகப் பெரும்பாலானவை என்டிஎஸ்சியையும் ஓட்டும். எதிர்ப்புறம் அப்படிச் சொல்ல முடியாது. எனவே செல்போன் வீடியோவை என்டிஎஸ்சியாகவே எழுதுவது பல நேரம் நல்ல முடிவு. கேம்கார்டரில் பாலாக எடுத்த பழைய டேப் என்றால் பாலாகவே விடுங்கள்.

மூல வீடியோவைத் தயார்ப்படுத்துவது

டிவிடியில் வரும் கோளாறுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

செல்போன் வீடியோவில் முதல் சிக்கல் மாறும் பட வேகம். வெளிச்சம் குறைந்தால் போன் நொடிக்கு 30 படத்திலிருந்து 24-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கி, மறுபடி ஏறும். டிவிடிக்கு மாற்றும் மென்பொருள் வேகம் சீராக இருப்பதாக எண்ணிக் கணக்கிட்டால், தொடக்கத்தில் சரியாக இருந்த ஒலி போகப் போக விலகி, அரை மணி நேரத்தில் உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போய்விடும். ஹேண்ட்பிரேக்கில் முதலில் அந்தக் கோப்பைத் திறந்து, பட வேகத்தை 29.97 என்று வைத்து, 'மாறாத வேகம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, தர எண்ணை 16 முதல் 18-க்குள் வைத்து மறுபதிவு செய்யுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும். ஹேண்ட்பிரேக் தருவது எம்பி4 தான். அது டிவிடி ஆக்காது. அடுத்த கட்டத்துக்குச் சீரான கோப்பைத் தருவது மட்டுமே அதன் வேலை.

இரண்டாவது, நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ. டிவியில் அது இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு நடுவில் ஒல்லியாக வரும். அதற்கு மாற்று இல்லை. ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால், 'இதைத் திருப்பிக் காட்டு' என்று போன் எழுதிவைத்த குறிப்பை மென்பொருள் படிக்கவில்லை என்று பொருள். ஹேண்ட்பிரேக்கில் மறுபதிவு செய்யும்போதே இதுவும் சரியாகிவிடும். மூன்றாவது, வெளிச்ச வேறுபாட்டைக் கூடுதலாகப் பதியும் எச்டிஆர் முறையில் எடுத்தவை. நேரடியாக மாற்றினால் சாயம் போன துணி மாதிரி வெளிறித் தெரியும். போனிலிருந்தே சாதாரண வண்ணத்தில் ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

டேப்பிலிருந்து வந்த வீடியோவுக்கு வேறு கவனம் வேண்டும். ஒவ்வொரு படமும் ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு பாதிகளாகப் பிரித்துப் பதிவானது அது. கணினித் திரையில் அசையும் கையின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரிவது அதனால்தான். அதைப் பார்த்துவிட்டு இரு பாதிகளையும் கலந்து வரிகளை நீக்கிவிடாதீர்கள். டிவிடியும் பழைய டிவியும் அந்த அமைப்புக்காகவே செய்யப்பட்டவை. அப்படியே விட்டால்தான் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். எந்தப் பாதி முதலில் என்பதை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும். மினிடிவி டேப் கேம்கார்டரின் கோப்புகளில் கீழ்ப் பாதி முதலில்; ஏவிசிஎச்டி கேமராக்களில் மேல் பாதி முதலில். தலைகீழாகக் கொடுத்தால் படம் நிற்கும்போது சரியாகவும், அசையும்போது முன்னும் பின்னும் நடுங்கியபடியும் இருக்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்தால் வேறு எதையும் தேட வேண்டாம், பாதி வரிசையை மாற்றினால் போதும்.

விஎச்எஸ் என்ற பழைய வீடியோ கேசட் டேப்பின் படத்தில் அடி விளிம்பை உற்றுப் பாருங்கள். கடைசி ஏழெட்டு வரிகள் கிழிந்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு துடிக்கும். டேப் பிளேயரின் தலைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம் அது. பழைய குழாய் டிவியின் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது, இப்போதைய தட்டை டிவியில் அப்படியே தெரியும். எடிட்டிங் மென்பொருளில் அந்த வரிகளின் மேல் கறுப்புப் பட்டை போட்டு மூடிவிடுங்கள். வெட்டிவிட்டுப் படத்தை இழுத்து நீட்டக் கூடாது. வரிகளின் ஒழுங்கு குலைந்துவிடும்.

பிட்ரேட் கணக்கு

டிஸ்க்கின் மேல் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், கணினியோ 4.37 என்று காட்டும். முன்னது 1000-ஆல் பெருக்கிய கணக்கு, பின்னது 1024-ஆல். இடம் ஒன்றுதான். அந்த இடத்தையும் விளிம்புவரை நிரப்பாதீர்கள். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. வெளி விளிம்பில்தான் பூச்சு சீரற்றிருக்கும், விரல் ரேகையும் அங்கேதான் படியும். "கடைசிப் பத்து நிமிடம் மட்டும் நிற்கிறது" என்ற புகாருக்கு இதுவே முதல் காரணம். ஏழு சதவீதம் போல விட்டுவிட்டால், பயன்படுத்தக்கூடியது ஏறத்தாழ 3,50,00,000 கிலோபிட்.

அதை மொத்த நொடிகளால் வகுத்தால் நொடிக்கு எத்தனை கிலோபிட் என்ற பிட்ரேட் கிடைக்கும். அதில் ஒலிக்கு 224 கழித்தால் மீதி படத்துக்கு. இரண்டு மணி நேரம் என்றால் 7200 நொடி: 4861, ஒலி போக 4600 சொச்சம். ஒன்றரை மணி நேரத்துக்கு 6250, இரண்டரை மணி நேரத்துக்கு 3650, மூன்று மணி நேரத்துக்கு 3000. ஒரு மணி நேரம் என்றால் 9500 வரும். அதை அப்படியே கொடுக்கக் கூடாது. டிவிடி விதிப்படி படத்துக்கு உச்சம் 9800. படம், ஒலி எல்லாம் சேர்ந்து 10,080. அந்த உச்சத்தை ஒட்டிப் போனால் வீட்டில் எழுதிய டிஸ்க்கை பிளேயரின் லேசர் தொடர்ந்து தடுமாறாமல் படிப்பது கடினம். 8000-த்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கொடுத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கீழ் எல்லையையும் மனதில் வையுங்கள். முக்காலியில் வைத்து எடுத்த மேடைப் பேச்சு 3500-லும் தெளிவாக இருக்கும். கையில் பிடித்தபடி ஓடி எடுத்த குழந்தைகள், அலை, இலை, கூட்டம், வாணவேடிக்கை இவற்றுக்கு 5000-க்குக் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். விஎச்எஸ் டேப் வியப்பான விஷயம்: தரம் குறைந்த படம்தானே, குறைந்த பிட்ரேட் போதும் என்று தோன்றும். அதில் ஓயாமல் பொரியும் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் புதிதாக வருவதால், சுருக்கும் மென்பொருள் பிட்டுகளையெல்லாம் அவற்றுக்கே செலவழித்துவிடும். நீளமான விஎச்எஸ் பதிவுக்கு அகலத்தைப் பாதியாக்கி 352×576 (என்டிஎஸ்சி என்றால் 352×480) என்று வையுங்கள். டிவிடி விதியில் இதற்கு இடமுண்டு. விஎச்எஸ்ஸின் பக்கவாட்டு நுணுக்கமே ஏறத்தாழ 240 வரிதான், எனவே இழப்பு மிகக் குறைவு. பிட்ரேட் ஏறக்குறைய இரட்டிப்பானது போல நன்மை.

ஒலியை ஏசி-3 ஆக, 48 கிலோஹெர்ட்ஸில், 192 முதல் 256 கிலோபிட்டுக்குள் வையுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் சிடிக்கு உரியது, டிவிடியில் செல்லாது. எம்பி2 ஒலி பால் பிளேயர்களில் ஓடும், என்டிஎஸ்சி பிளேயர் எல்லாவற்றிலும் ஓடும் என்ற உறுதி இல்லை. ஏசி-3 எங்கும் ஓடும்.

டிவிடிஸ்டைலரில் கட்டுவது

புதுத் திட்டம் தொடங்கும்போதே டிஸ்க் அளவு 4.7 ஜிபி, வீடியோ முறை, திரை விகிதம், ஒலி வகை ஆகியவற்றைக் கேட்கும். பிட்ரேட்டைத் தானியங்கியாக விடலாம். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்து, அது காட்டும் எண் 8000-ஐத் தாண்டினால் நீங்களே குறைத்து எழுதுங்கள்.

திரை விகிதத்தில் அவசரப்படாதீர்கள். 720×576 என்பது 4:3-க்கும் 16:9-க்கும் பொதுவான அளவு. புள்ளிகளை எவ்வளவு நீட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் குறி மட்டுமே வேறு. குறி தவறினால் ஆட்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிவார்கள். ஒரே தொகுப்புக்குள் 4:3, 16:9 இரண்டையும் கலக்க முடியாது. பழைய டேப்பும் புதிய போன் வீடியோவும் ஒரே டிஸ்க்கில் வர வேண்டுமென்றால், இரண்டாவது விகிதத்துக்குத் தனித் தொகுப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

சின்னச் சின்ன வீடியோக்கள் நாற்பது ஐம்பது இருந்தால் ஒவ்வொன்றையும் தனித் தலைப்பாகச் சேர்க்காதீர்கள். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்போதெல்லாம் பிளேயர் தயங்கும். எடிட்டரில் ஒன்றாக ஒட்டி ஒரே நீளமான வீடியோவாக்கி, நிகழ்ச்சிக்கு ஓர் அத்தியாயக் குறி வையுங்கள். ஒரு தலைப்பில் 99 வரை இடம் உண்டு. நிகழ்ச்சி தெரியாத நீண்ட பதிவென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று.

மெனுவில் எழுத்தையும் பொத்தானையும் நான்கு விளிம்புகளிலிருந்தும் பத்து சதவீதமாவது உள்ளே தள்ளி வையுங்கள். பல டிவிகள் ஓரத்தை வெட்டிக் காட்டும். எழுத்து தடித்ததாக இருக்கட்டும். தமிழ் எழுத்தின் சுழிகளும் புள்ளிகளும் இந்தக் குறைந்த புள்ளி அடர்த்தியில் மெல்லிய எழுத்துருவில் காணாமல் போய்விடும். ரிமோட்டில் மேல், கீழ் அழுத்தினால் தேர்வு எங்கே போகிறது என்று முன்னோட்டத்தில் பாருங்கள். வயதானவருக்குக் கொடுக்கும் டிஸ்க் என்றால் மெனுவே வேண்டாம். போட்டதும் படம் தொடங்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் நேரடியாக எழுதச் சொல்லாமல் ஐஎஸ்ஓ கோப்பாக உருவாக்கச் சொல்லுங்கள். அந்த ஐஎஸ்ஓவை விஎல்சியில் திறந்து மெனு, அத்தியாயங்கள் எல்லாவற்றையும் அழுத்திப் பாருங்கள். முக்கியமாகக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒலி உதட்டோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். இங்கே தவறினால் டிஸ்க்கிலும் தவறும்.

எழுதுவது

ஐஎஸ்ஓவை இம்க்பர்னில் எழுதலாம். விண்டோஸ் 7-க்குப் பிந்தையவற்றில் அந்தக் கோப்பின் மேல் வலது சொடுக்கினால் வரும் வசதியாலும் எழுதலாம். ஐஎஸ்ஓ இல்லாமல் ஃபோல்டராக வைத்திருந்தால் இம்க்பர்ன்தான் நல்லது: உள்ளே 'வீடியோ_டிஎஸ்' இருப்பதைக் கண்டு, டிவிடிக்கு உரிய ஐஎஸ்ஓ 9660, யூடிஎஃப் 1.02 அமைப்புக்கு மாற்றவா என்று தானே கேட்கும்; ஆம் சொல்லுங்கள். எந்த வழியானாலும் எழுதியபின் சரிபார்க்கும் பெட்டியில் டிக் போட்டே ஆக வேண்டும்.

16 மடங்கு வேக டிஸ்க்கை 8 மடங்கில் எழுதுங்கள். மெதுவாக எழுத எழுத நல்லது என்று ஒரு மடங்குக்கு இறக்குவதும் தவறு. இக்காலப் பூச்சுகள் அவ்வளவு குறைந்த வேகத்துக்குச் செய்யப்படவில்லை. யூஎஸ்பி ரைட்டர் என்றால் ஹப் வழியாக இணைக்காமல் கணினியில் நேராகச் செருகுங்கள். எழுதும்போது லேசருக்குக் கூடுதல் மின்சாரம் தேவை. அது போதாமல் போனால் பாதியில் நின்று டிஸ்க் குப்பைதான்.

'இறுதிசெய்தல்' என்ற ஃபைனலைஸ் கட்டம் முடியும்வரை டிஸ்க்கை வெளியே எடுக்காதீர்கள். அது முடியாத டிஸ்க் எழுதிய கணினியில் ஓடும், பிளேயரில் ஓடாது. 8 செமீ டிவிடியில் பதிவு செய்யும் பழைய கேம்கார்டர்களின் டிஸ்க்கை மற்ற இடத்தில் போட்டால் காலியாகத் தெரிவதற்கும் இதே காரணம். அந்தக் கேமராவிலேயே வைத்து இறுதிசெய்ய வேண்டும்.

அப்படியும் ஓடவில்லையென்றால்

பிளேயர் டிஸ்க்கை அறவே ஏற்கவில்லை என்றால் கணினியில் திறந்து முதல் நிலையில் 'வீடியோ_டிஎஸ்' இருக்கிறதா பாருங்கள். வேறொரு ஃபோல்டருக்குள் அது இருந்தால் பிளேயர் கண்டுபிடிக்காது. அமைப்பு சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்றால் வேறு வகை டிஸ்க்கில் எழுதுங்கள். கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ படம் வந்தால் பால், என்டிஎஸ்சி பொருந்தவில்லை. ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றால் அங்கே பிட்ரேட் உச்சம் தொடுகிறது, அல்லது டிஸ்க்கில் கறை; துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்துப் பாருங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் பிளேயரின் லேசர் களைத்துவிட்டது.

டிஸ்க்கின் மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் எடை கூடிச் சுழலும்போது ஆடும். சூட்டில் ஓரம் உரிந்து பிளேயருக்குள் சிக்கவும் வாய்ப்பு உண்டு. டிஸ்க்குக்கென்று விற்கும் மென்முனைப் பேனாவால் எழுதினால் போதும். வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பதிவைத் தாங்கியிருப்பது ஒளியில் வெளிறும் சாயம்.

டிவிடி ஆனபின் மூல வீடியோவை அழிக்கக் கூடாது. 1920×1080-இல் எடுத்தது டிஸ்க்கில் 720×576 ஆகச் சுருங்கிவிட்டது. அதிலிருந்து பழைய தரத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. மூலக் கோப்புகள், டிவிடிஸ்டைலர் திட்டக் கோப்பு, ஐஎஸ்ஓ மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள். கொடுத்த டிஸ்க் கீறிப்போனால், ஐஎஸ்ஓவிலிருந்து இன்னொன்று எழுதிச் சரிபார்க்கக் கால் மணி நேரம் ஆகும்.